மூன்றாவது பாவசங்கீர்த்தனம்

சனி, ஜூலை 12
காலையிலிருந்து அடைமழை. துவைத்தது எதுவும் காயவில்லை. அரிசி, சவர்க்காரம் வாங்க நோர்வூட் டவுனுக்குப் போகிற சாக்கில் கோயிலுக்கும். மூன்றாவது தடவையாக அதே பாவத்தைப் பாதரிடம் சொன்னேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்துகொண்டு போனில் நாடகம் பார்த்தது. அந்த நேரத்தில் செல்வியின் மகள் கவிஷா, இரண்டு வயதுப் பிள்ளை, கேத்தலை இழுத்துக் கையில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டாள். வேறு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன் என்று ஊருக்கே பொய் சொன்னேன்.

கடவுள் முதல் தடவையே மன்னித்துவிட்டார், நீங்கள்தான் விடமாட்டேன் என்கிறீர்கள் என்றார் பாதர். செல்வியிடம் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை. சொன்னால்தான் மன்னிப்பா என்று கேட்டேன்.

"இல்லம்மா. மன்னிப்பு கெடச்சிருச்சு. அதனாலதான் சொல்லச் சொல்றேன்."

ஞாயிறு, 13
பூசை. பாதர் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் முழங்கால் வலி என்றேன். கோயிலுக்குள்ளேயே இன்னொரு பொய்.

செவ்வாய், 15
பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு செல்வி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். சொல்லிவிட்டேன். போன், நாடகம், பொய், எல்லாம். அழுதேன். அழ வேண்டியவள் அவள். என்மேலேயே அருவருப்பு.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒங்க கையப் புடிச்சி நாந்தானேக்கா ஆறுதல் சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான். மழையோடு மழையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழன், 17
நேற்றும் இன்றும் கவிஷா வரவில்லை. செல்வி வேலைக்கே போகவில்லையாம். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. தண்ணீர் பிடிக்காமலே திரும்பினேன். இரவுச் சாப்பாடு ரொட்டி, சம்பல்.

ஞாயிறு, 20
செல்வி மன்னிக்காதபோது நான் எப்படி நன்மை வாங்குவது என்று கோயில் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு, கடவுள் கொடுக்கிறதை வேண்டாமென்று சொல்ல நான் யார் என்று தோன்றியது. எழுந்தேன். வரிசையில் கடைசி ஆள். வெட்கம் போகவில்லை. வெட்கத்தோடேயே வாங்கினேன்.

திங்கள், 21
தூறல். செல்வி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு மருந்து டியூபை என்னிடம் கொடுத்தாள்.

"மத்தியானம் தழும்புல பூசணும். அழுத்தாம பூசுங்க."

மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதுவரை பிள்ளையின் அந்தக் கையை மற்ற ஆயாதான் கழுவிவிடுவாள். நான் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். இன்று மடியில் வைத்துக்கொண்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு, வழவழவென்று. கண்ணை எடுக்காமல் பூசினேன்.