சாம் அக்கா கொண்டுவந்த வாத்துக் கஞ்சி

துயென்,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. அடுப்பில் வாத்துக் கஞ்சி இருக்கிறது. விடிந்ததும் உன் அக்கா சாம் கொண்டுவந்தார். சுடவைக்கும்போது அடிபிடிக்காமல் கிளறு. மீன் சாறு தீர்ந்துவிட்டது, உப்பு போட்டுக்கொள்.

நேற்று உன் அப்பாவின் திதி விருந்தில் நான் பேசியது தப்புதான். அக்கா மறுபடியும் கோழித்தொடையை என் கிண்ணத்திலேயே வைத்ததும் கத்திவிட்டேன்: "ஒன்பது வருஷமா வியட்நாம்ல உங்களோடதானே சாப்பிடுறேன்? இன்னும் நான் அமெரிக்கா விருந்தாளியா?" எல்லோரும் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இரவு முழுக்கத் தூக்கமே இல்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் இருக்கிறது.

காலையில் கதவைத் திறந்ததுமே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கஞ்சிப் பானையை என் கையில் திணித்தார்.

"நீ விருந்தாளி இல்லேல்ல? அப்ப நேத்து சாப்பிட்ட பாத்திரத்தையெல்லாம் யாருடா கழுவுவா? முப்பது பேர் தின்னது அப்படியே கெடக்கு. வந்து சேரு, சோம்பேறி!"

அங்கேதான் போகிறேன். உன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

வெஸ்லி

பி.கு.: கோபம் தீர்ந்திருந்தால் நீயும் நடந்து வா. தனியாக என்னால் முடியாது.

இன்னொன்று: இத்தனை வருடமாக என்னை 'ஐயா' என்று கூப்பிட்டவர், இன்றைக்குத்தான் 'டா' போட்டார். அவர் போனதும் நான் கீழே இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அக்காவிடம் சொல்லாதே.