பரங்கிப் பிஞ்சு உதிர்ந்தது யாரால்

லுக்குட் ரப்பர்த் தோட்டம்
ஆவணி மாதம், 1944

அன்பு மகன் அர்ச்சுனனுக்கு அப்பா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது, காலையிலும் மரவள்ளிதான் ராத்திரியும் மரவள்ளிதான், தின்று தின்று உங்கள் முகமே கிழங்கு மாதிரி ஆகிவிட்டது என்று அம்மா என்னைக் கேலி செய்கிறாள். இதைத் தபாலில் போட்டால் வழியில் யாராவது பிரித்துப் படிப்பார்கள், படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் லாரி ஓட்டும் திருநாவுக்கரசு கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் பக்கத்தில் ஆள் இல்லாதபோது படி.

போன கடிதத்தில் உன் பெண்சாதி பஞ்சாலையைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் தப்பு. அவள் கை ராசியில்லாத கை, கொடியைத் தொட்டால் பிஞ்சு உதிர்கிறது, அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், உனக்கு வேறு பெண் பார்க்கட்டுமா என்றெல்லாம் எழுதியிருந்தேன் அல்லவா, அதை எழுதிய கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜப்பான்காரன் வந்து ரப்பர்ப் பால் வெட்டு நின்றுபோன பிறகு, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து எதையாவது போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லோரும் மரவள்ளி நட்டார்கள், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டில் கொஞ்சம் ஒசத்தியாக இருக்கட்டும் என்று நான் மட்டும் பரங்கி விதை போட்டேன். நமக்கு விவசாயம் என்ன தெரியும், என் அப்பன் காலத்திலிருந்து பால்மரத்தைத் தவிர வேறு எதையும் தொட்டவர்கள் இல்லை, அரிசி பருப்பெல்லாம் கடையிலிருந்து வந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் ஆட்களை மேய்த்தவனுக்கு ஒரு கொடியை மேய்க்கத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. கொடியில் இரண்டு விதமாகப் பூ வந்தது. ஒருவிதப் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு இருந்தது. இன்னொரு விதம் பிஞ்சே இல்லாமல் நீளக் காம்பில் வெறுமனே நின்றது, அதுதான் நிறைய. காய்க்காத பூவுக்குக் கொடியின் சாறு எதற்குத் தண்டமாகப் போக வேண்டும், காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது வேலைக்கு வராதவன் பெயரை அடிக்கிற மாதிரி இதையும் அடித்துவிட வேண்டியதுதான் என்று, தினமும் வெளுக்கும்போதே போய் வெறும் பூவை ஒன்று விடாமல் கிள்ளி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவள் கருவாடு போட்டுக் கறி வைப்பாள். ருசியாகத்தான் இருந்தது. பிஞ்சோடு இருந்த பூக்களோ வரிசையாக மஞ்சளித்து அழுகி உதிர்ந்தன, பேருக்குக்கூட ஒரு காய் நிற்கவில்லை.

கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பஞ்சாலை. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லையே என்று எனக்கு ஏற்கனவே ஒரு குறை இருந்தது, அந்தக் குறையும் இந்தக் குறையும் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ஒருநாள் குழாயடியில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, நீ தொட்டது எதுதான் காய்க்கும் என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, நிரம்பிய வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுவாரம் அவள் அண்ணன் சன்னாசி கெமாசிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான். வரச் சொல்லி ஆள் அனுப்பியதும் நான்தான்.

அவள் போன கொஞ்ச நாளில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்து எங்கே கிடைக்கிறது, வேப்பிலைக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வாரக்கணக்காகச் சுருண்டு கிடந்தேன், அம்மா என்னை விட்டு நகரவில்லை, கொடிப்பக்கம் யாரும் போகவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் இலைக்கடியில் குழந்தை தலை மாதிரி காய்கள். அப்போதாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. பார்த்தீர்களா, அவள் போனதும் கொடி பிழைத்துக்கொண்டது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் வெளுக்கும்போதே போய் வெறும் பூவைக் கிள்ள ஆரம்பித்தேன், மறுபடியும் பிஞ்சு உதிர ஆரம்பித்தது. அம்மா உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, அவதான் இங்க இல்லையே, இப்ப யாரு கை பட்டுச்சாம் என்று கேட்டாள். மறுநாள் காலையில் எதையும் கிள்ளாமல் கொடியோரமாக உட்கார்ந்து பார்த்தேன். சின்னத் தேனீக்கள் வந்தன. நான் உதவாக்கரை என்று கிள்ளிப்போட்ட பூவுக்குள் இறங்கிப் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, அப்படியே பிஞ்சு உள்ள பூவுக்குள் போயின. இரண்டு பிஞ்சுப் பூவுக்கு மட்டும் துணியைச் சுற்றித் தேனீயை விடாமல் வைத்தேன். அந்த இரண்டும்தான் அழுகின, மற்றதெல்லாம் பருத்தது. வெறும் பூ என்று நான் நினைத்தது ஆண் பூ. அதன் பொடி போய்ச் சேராவிட்டால் அடுத்த பூ எத்தனை நல்ல பூவாக இருந்தாலும், யார் தண்ணீர் ஊற்றினாலும், காய்க்காது. எல்லாப் பிஞ்சையும் கொன்றது என் கை, கெட்ட பேர் அந்தப் பெண்ணுக்கு.

இதற்கு மேல் ஒரு அப்பன் மகனுக்கு எழுதக் கூடாது, எழுதாமல் இருந்தாலும் எனக்குக் கிழங்கு இறங்காது. கல்யாண மாலை வாடுவதற்குள் ஜப்பான்காரர்கள் உன்னைத் துறைமுக வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு தடவை வந்தாய், வந்த இரண்டு ராத்திரியும் காய்ச்சலில் அம்மா மடியில் கிடந்தாய். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணைப் பார்த்து ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்ட அறிவாளி உன் அப்பன்தான். அவமானத்தில் நாலு நாள் வாசலுக்கு வரவில்லை. குழாயடிக்குப் போகும் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும், நான் பேசியதற்கு அது குறைவு.

போன வாரம் ரயில் ஏறிக் கெமாசுக்குப் போனேன். ஊரறியத் திட்டியதை ரகசியமாகத் திரும்ப வாங்கினால் அது வாங்கியதாகாது என்று, சன்னாசி வீட்டு வாசலில் அவனோடு வேலை செய்யும் ரயில் வேலைக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே நின்று பூ விஷயத்தையும் உனக்கு நான் எழுதியதையும் சொல்லி, தப்பு என்னுடையது, வா அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றேன். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பஞ்சாலை சிரிக்கவில்லை. இளைத்திருக்கிறாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீங்க எழுதுனது சரி மாமா, அதுக்கு அவரு என்ன எழுதுனாரு என்றாள். உங்கள் இஷ்டம் அப்பா என்று நீ எழுதியிருந்ததை நான் எப்படிச் சொல்வேன். அவனையே எழுதச் சொல்றேம்மா என்று மட்டும் சொன்னேன். எழுதட்டும் மாமா, எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், வாசிச்சுட்டு வாறதா வேணாமான்னு நானே சொல்றேன் என்று சொல்லிவிட்டுக் கிழங்கு அவித்துக் கொடுத்து அனுப்பினாள். தனியாகத்தான் திரும்பி வந்தேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அதிகாரி யாரிடமும் எதிர்த்துப் பேசாதே, ராத்திரியில் வெளியே சுற்றாதே. மாரியாத்தா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். எனக்குப் பதில் போட வேண்டாம். கெமாசுக்கு, பஞ்சாலை பேருக்கு எழுது, என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்காதே. நான் ஒரு கொடியைப் பார்த்து ஏமாந்தேன், அது முட்டாள்தனம். நீ எதைப் பார்த்துச் சரி என்றாய் மகனே, அதை அவளுக்குச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
வீரமுத்து