நடை சாத்தியிருக்கிறது

என் கண்ணான அக்காவுக்கு,

கூடுவாஞ்சேரியில் நம் தெருமுனையில் உனக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலியாம். உன் பெயருக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'தியாகத் தெய்வம்'. கீழே இந்தக் குடும்பத்துச் சிங்கங்களெல்லாம் வரிசையாகக் கைகூப்பி நிற்கின்றன. உன் முகத்தைவிட அந்த முகங்கள்தான் பெரிது. நம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தபோது அதில் ஒரு முகத்தையாவது நீ வாசலில் பார்த்திருக்கிறாயா?

உன் சாம்பலை மாமல்லபுரம் கடலில் கரைத்த அன்றே இவர்களை நான் தெரிந்துகொண்டேன். கண்ணைத் துடைத்த கையோடு 'வந்தது வந்தோம்' என்று சிப்பி மாலை பேரம் பேசினார்கள். நம் நாத்தனார் விஜயா அண்ணி, கடற்கரைக் கோயில் கோபுரம் தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார். ஈரப்புடவையோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். கடப்பாக்கத்திலிருந்து தினமும் போனில் கேட்பேனே, "சாப்டியாக்கா? மாத்திரை போட்டியா?" என்று. "எனக்கு இன்னாடி, கல்லு மாதிரி கீறேன்" என்பாய். அந்தக் கல்லின் உள்ளங்காலில் புண் வந்து புரையோடியிருந்தது, அதுவே உன்னைக் கொண்டுபோனது. சர்க்கரைக்காரிக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது, அதனால் தினமும் பாதத்தைப் பார்க்கணும் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ பார்த்ததெல்லாம் மாமாவின் பாதத்தைத்தான். அதற்கு எண்ணெய் தடவினாய், நகம் வெட்டினாய். உன் காலைக் குனிந்து பார்க்க உனக்கு நேரமில்லை. தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வேலை வாங்கினார்கள். நீயும் அதை நம்பினாயே, அக்கா!

இப்போது மாமா என் பொறுப்பு. நாங்கள் கடப்பாக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டோம். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, உனக்குத் தெரியும். அடுத்த பேனருக்கு என் படத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வந்த முதல் வாரம் உன்னைப்போலவே மாமாவுக்கு ஊட்டினேன். மூன்று வேளையும் பிசைந்து ஊட்டி, வாய் துடைத்து, நான் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். ஒருநாள் குழம்பு எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், மாமா இடது கையால் அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடனைப்போலக் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸை அத்தனை வருஷம் ஓட்டிய கை அது. விளங்காமல் போனது வலது கைதானே? இடது கை நன்றாகத்தானே இருந்தது? அந்தக் கையால் சாப்பிடக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதையும் விளங்காமல் அடித்துவிட்டீர்கள்.

மறுநாள் அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவி, தட்டை அதன் பக்கம் நகர்த்தினேன். "சாப்பிடுங்க மாமா, சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றேன். பாதி சோறு சட்டையில் சிந்தியது. மீதியை அவரே சாப்பிட்டார். அப்புறம் சீப்பைக் கேட்டு வாங்கி, பஸ் கண்ணாடியில் பார்த்து வாருவாரே, அதேபோல வாரிக்கொண்டார். எதிரே உட்கார்ந்து நானும் சூடாகச் சாப்பிட்டேன்.

அமாவாசைக்கு வந்த விஜயா அண்ணி இதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார். "ஏம்மா கௌரி, பீச்சாங்கையில சோறு துன்ன வெச்சிக்கினுகீறியே, ஊரு காறித் துப்பாது? உங்கக்கா இருந்தா நைனாவ இப்டி வுட்டிருக்குமா? அது தெய்வம்!"

"அப்ப உங்க சோத்தாங்கையக் குடுங்க அண்ணி. இங்கியே தங்கி மூணு வேளையும் ஊட்டுங்க" என்றேன்.

அண்ணிக்கு அப்போதே தலைவலி வந்துவிட்டது. அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். நல்ல மகள்!

தெய்வம், தெய்வம் என்கிறார்களே, நான் தினமும் அந்தத் தெய்வத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன். நம் முருகன் கோயிலில் உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்துகிறார்கள். குருக்கள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போகிறார். மறுபடி சாயங்காலம்தான் திறப்பார்கள். ஊருக்கே படியளக்கிற சாமிக்கே மத்தியானம் ஓய்வு உண்டு. எந்த பக்தனும் 'சுயநலக்கார சாமி' என்று ஏசுவதில்லை. இதே விஜயா அண்ணி ஒருமுறை சாத்திய கதவுக்கு முன் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் திரும்பியதை நானே பார்த்தேன். உன்னைத் தெய்வம் என்றவர்களில் ஒருவராவது உனக்கு ஒரு மத்தியானம் நடை சாத்தினார்களா?

நான் சாத்தினேன், அக்கா. மாமா சாப்பிட்டதும் நானும் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, "நடை சாத்தறேன் மாமா" என்று சொல்லி வாசல் கதவைத் தாழ்போடுகிறேன். கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். பிறகு படுக்கிறேன். மாமாவும் ஜன்னலோர நாற்காலியில் ரேடியோ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். நாள் முழுக்க ஒருத்தி மேலே விழுந்து கவனித்தால் அவருக்கும் மூச்சு முட்டாதா? செல்போனில் ஒரு அம்மா, நம்மை நாமே பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாள். கண்மேல் வெள்ளரிக்காய் வைக்கணுமாம். அவளை வந்து ஒருநாள் மாமாவுக்கு அடியில் விரித்து நனைந்த பழம்புடவைத் துணியை மாற்றிப் போடச் சொல், கண்ணில் என்ன வைப்பாள் என்று பார்ப்போம். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். வரவே இல்லாமல் செலவு மட்டும் எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு வெள்ளரிக்காய் வேண்டாம், உன் கால் போதும்.

நேற்று மத்தியானம் நினைவுநாள் ஏற்பாடு பேசுவதற்காக அண்ணி வந்து கதவை இடித்தார். "பட்டப்பகல்ல தாப்பா போட்டுக்கினு இன்னா தூக்கம்? யேய் கௌரி! கெழவன் உள்ள தனியா கீறாரு, இவ காலை நீட்டிக்கினு கீறா!"

எழுந்திருக்கலாமா என்று ஒரு காலை ஊன்றினேன். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. விழுந்த நாளிலிருந்து ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர், வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்:

"நடை... சாத்திக்கீது. நாலு மணிக்கு... வா."

சொல்லிவிட்டு அந்தப் பீச்சாங்கையாலேயே ஜன்னல் கதவையும் சாத்தினார். நான் காலை மறுபடி கட்டிலில் நீட்டினேன்.

நாளை உன் நினைவுநாள். உன் படத்துக்குப் பூப் போடப்போவது மாமாதான், அதே கையால். விருப்பமில்லாதவர்கள் பேனரைப் பார்த்துக்கொண்டு தெருமுனையிலேயே நிற்கட்டும். உனக்கு நான் ஒரே ஒரு சத்தியம் செய்கிறேன்: மாமாவை நல்லபடி பார்த்துக்கொள்வேன், ஆனால் உயிரோடு இருக்கும்வரை என்னை ஒருத்தரும் தெய்வம் என்று கூப்பிட விடமாட்டேன்.

ஓரகத்தி என்ற சொல் பிடிக்காமல் நீ 'கூடப் பொறந்தவ' என்றே சொல்லிவந்த,
உன் தங்கச்சி
கௌரி