உன் கைக்கு நான் செய்த பிடி

மகன் கிரவீன் புறநகரில் வாங்கிய வீட்டில் சமையல் குசினியை மாற்றிக் கட்டுகிறான். போன சனிக்கிழமை தச்சன் ஒருவன் வந்து வாசலில் வைத்து வால்நட் பலகை ஒன்றை மெஷினால் உரசிக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கொடுக்கப் போன நான், அந்தத் தூள் மூக்கில் ஏறியதும் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே திரும்பி வந்துவிட்டேன். மருமகள், என்ன மாமா, மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? உன்னை அவளுக்குத் தெரியாது.

அந்த மணம் எனக்கு உன்னுடைய மணம். கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் எண்ணெய்ப் பசையுமான மணம். எழுபதுகளில், ஸ்ட்ராத்ஃபீல்டில் நீயும் பவானியும் இருந்த பிளாட்டின் குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து நான் உன் கைத்துவக்குக்குப் பிடி செதுக்கிய ஞாயிற்றுக்கிழமைகளின் மணம். இத்தனை வருடமாக உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதியே பிடிக்கிறேன், கேள்.

யாழ்ப்பாணத்தில் நீ கணக்கு வாத்தியார். கடல் தாண்டி வந்த இந்த நாட்டில் உன் பட்டத்தை ஒரு பள்ளிக்கூடமும் ஏற்கவில்லை. பவானி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கிடைத்ததைச் செய்வோம் என்று போனாய். கிடைத்தது, தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் காசு கொண்டுபோகும் வான் வண்டியில் காவல் வேலை. அந்த நாளில் கூலி எல்லாம் கடதாசி உறையில் காசாகத்தானே வரும். தொப்பியும் இடுப்பில் துவக்குமாக நீ முதல் நாள் வந்து நின்றபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கையில் கடிக்கிற நுளம்பை அடிக்கவே ஒருக்கால் யோசிக்கிற ஆள் நீ. கோதாரி, இவனை நம்பி ஆர் காசு அனுப்புகிறான் என்று கேட்டேன். நீயும் சிரித்தாய்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. அந்தத் துவக்கு உன் கையிலும் பெரிய கைக்கு வார்த்தது. பிடியைச் சுற்றி உன் விரல்கள் முழுதாக வராது. பிடித்தால் விசைக்கு விரல் எட்டாது. விசைக்கு எட்டினால் பிடி நழுவும். எடுத்த பிறகு உள்ளங்கைக்குள் அதை ஒருதரம் நகர்த்திச் சரிப்படுத்தித்தான் உன்னால் சுட முடிந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் உரிந்து போயிருந்தது. சுடும் சோதனையில் ஒருதரம் தோற்றுவிட்டாய். அடுத்த முறையும் தோற்றால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். பிடியை உன் கைக்கு ஏற்றபடி மாற்றலாமா என்று நீ கேட்டதற்கு, ஒழுங்காகச் செய்தால் சரி என்று தலையாட்டி, குண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுத் துவக்கை வீட்டுக்குத் தந்தனுப்பினார்.

அப்போதுதான் என்னிடம் வந்தாய். நான் தொழிற்சாலையில் இரும்பு ராவி வயிறு வளர்த்தவன். துவக்கு எனக்குப் புதிது, ஆனால் கைப்பிடி புதிதில்லை. உன் கையின் அளவு வேண்டும் என்றேன். மெழுகு தேடினோம், கிடைக்கவில்லை. பவானி றொட்டிக்குக் குழைத்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்துத் துவக்குப் பிடியின் இரும்புச் சட்டத்தைச் சுற்றி அப்பினேன். நீ இறுக்கிப் பிடித்தாய். ஒவ்வொரு விரலும் மாவில் பதிந்தது. பவானி வந்து பார்த்துவிட்டு மிச்ச மாவையும் சட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். அன்றிரவு கடைப் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டோம். அவளுக்குக் கோபம் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். அவள் பயந்திருந்தாள்.

சட்டத்தின் பின்பக்கத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக் குறைத்தேன். அதன் இருபக்கமும் இருந்த பழைய பிடிக்கட்டைகளை எறிந்துவிட்டு வால்நட்டில் மெல்லிய கட்டைகள் செதுக்கினேன். ராவுவதும் உன் கையில் தருவதும் திரும்ப வாங்குவதுமாக எத்தனையோ ஞாயிறுகள். கடைசியாக எண்ணெய் பூசித் துடைத்துத் தந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்துப் பார்த்தாய். கையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இது வெளியால வாங்கின சாமான் மாதிரி இல்லை, என்ர கையில முளைச்ச மாதிரிக் கிடக்கு என்றாய். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அப்படியொரு சந்தோசம். அடுத்த சோதனையில் நீ நன்றாகவே தேறினாய்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. ஒரு தொழிற்சாலைக் கதவடியில் வான் நின்றதும், குழல் வெட்டிய துவக்கோடு ஒரு பெடியன் வந்து சாரதிக் கிழவனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். நீ எடுத்தாய், சுட்டாய். ஆம்புலன்ஸ் வரமுதலே அந்தப் பெடியன் நடைபாதையிலேயே செத்துப்போனான். விசாரணையில் உன்னில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். சாரதி பியர் பெட்டியோடு வந்தான், அவன் மனைவி கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். என்ர புருஷனைத் திருப்பித் தந்தவன் நீ என்று உன்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நீ கதிரையில் மரம் மாதிரி இருந்தாய்.

வேலையை விட்டுவிட்டுத் தபால் பிரிக்கும் இடத்தில் சேர்ந்தாய். சரி, போகட்டும் என்று நானும் நினைத்தேன். ஆனால் நீ இடக்கையால் சாப்பிடத் தொடங்கினாய். முதலில் முள்ளுக்கரண்டியால், பிறகு கரண்டியால், எப்போதும் இடக்கையால். வலக்கை மேசைக்குக் கீழே மடியில் கிடக்கும். ஒரு பிறந்தநாள் வீட்டில், வாத்தியார் வெள்ளைக்காரனாகிவிட்டார், சோற்றில் கை வைக்க மாட்டாராம் என்று யாரோ பகிடி விட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர்களிலும் கோபம், உன்னிலும் கோபம். இவன் என்ன விசரன் மாதிரி நடக்கிறான் என்று பவானியிடமே சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வதனி பிறந்தாள். நீ அவளை இடக்கையால் மட்டும்தான் தூக்கினாய், அதுவும் இருந்துகொண்டு. குளிப்பாட்ட மாட்டாய், முதுகு தட்டி நித்திரையாக்க மாட்டாய். அவளுக்கு முதன்முதலாய்ச் சோறு ஊட்டித் தீத்தும் நாளில் பவானி சாமிப் படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் பால்சோறு வைத்து, பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாள். முதல் வாய் தகப்பன் வலக்கையால் தீத்துவதுதானே வழக்கம். நீ எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாய். நான் பின்னால் வந்தேன். பத்திக்கொண்டு வந்தது எனக்கு. உன்னைக் கொல்ல வந்தவனுக்காக உன்ர பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா என்று கேட்டேன்.

நீ குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். குரலை உயர்த்தவில்லை.

"அவன் துவக்கைக் கீழ இறக்கத் தொடங்கிட்டான் மச்சான். நான் கண்டனான். ஆனா அதுக்கு முதல் என்ர விரல் இழுத்துப்போட்டுது."

 நீயே மேலும் சொன்னாய்.

"உன்ர வேலையில ஒரு பிழையும் இல்லை. நல்ல பிடி. பழைய பிடியெண்டால் நான் கையை ஒருக்கா மாத்திப் பிடிக்கவேணும். அவ்வளவு நேரம் போதுமாயிருந்திருக்கும், அவனுக்கும் எனக்கும்." பிறகு தண்ணீரைத் திறந்து கழுவிய கையையே திரும்பக் கழுவினாய். "நீ போய்த் தீத்து."

போனேன். வதனி வாயைத் திறந்து என் விரலையும் சேர்த்துக் கவ்வினாள். முரசுக்குள், அந்த மெல்லிய ஈறுக்குள், முளைக்கப் பார்க்கிற பல்லு ஒன்று குத்தியது. பவானி அழுதுகொண்டே சிரித்தாள். குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு நான் உன்னோடு வாதாடாத மாதம் இல்லை. அவன் இறக்கினான் என்று உனக்கு எப்படித் தெரியும், பயத்தில் கண்டது கனவு மாதிரி என்றேன். அந்தப் பிடி இல்லாவிட்டால் சாரதி செத்திருப்பான், நீ செத்திருப்பாய், வதனி தகப்பன் முகம் காணாமல் பிறந்திருப்பாள் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். உன்னை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய சாமானைச் செய்ததற்காக நான் வெட்கப்படவில்லை. நீ எல்லாவற்றையும் கேட்டு, தலையை ஆட்டி, இடக்கையால் தேத்தண்ணி குடித்தாய். உன்னோடு கதைப்பதும் சுவரோடு கதைப்பதும் ஒன்று.

வதனிக்கு ஐந்து வயது இருக்கும். உனக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. தலைமயிர் நரைக்கத் தொடங்காத ஆளுக்கு. நானும் பவானியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அவள் உள்ளே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிலின் இடப்பக்கம் நின்றாள். அப்பாவின் அந்தப் பக்கம்தான் தன்னுடையது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே பழகியிருந்தாள். நீ கண்ணால் மற்றப் பக்கத்தைக் காட்டினாய். அவளுக்கு விளங்கவில்லை. பவானிதான் தோளைப் பிடித்துச் சுற்றிக் கொண்டுவந்து விட்டாள்.

நீ இடக்கையால் உன் வலக்கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாய். அது வேறு யாருடையதோ போலத் தொங்கியது. தூக்கி, அவள் உச்சியில் வைத்தாய். பிள்ளை அசையாமல் நின்று தாயைப் பார்த்தாள். பவானி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பயப்பிடாதை," என்றாய். வாய் ஒரு பக்கம் இழுத்ததால் சொற்கள் குழறின, ஆனால் எல்லாருக்கும் விளங்கியது. "இனி இது ஒண்டும் செய்யாது."

அதை அவளுக்குச் சொன்னாயா, எனக்குச் சொன்னாயா தெரியாது.  பாரமாக இருக்கிறதா என்று பிள்ளையைக் கேட்டாய். ஓம் அப்பா என்றாள். எடுக்கட்டா என்றாய். வேண்டாம் என்றாள். பார்க்க வந்தவர்களுக்கான நேரம் முடியும்வரை அப்படியே நின்றாள். அந்த மாதம் முடியமுன்னமே நீ போய்விட்டாய்.

டொக்டரிடம் நான் பிறகு கேட்டேன். அந்தக் கையில் உணர்ச்சி துளியும் இருந்திருக்காது என்று சொன்னார். அன்றைக்கு அவள் தலையில் நல்லெண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது, மயிர் உன்னுடையதைப் போலவே சுருள், உச்சி சூடாக இருக்கும், நான் தொட்டிருக்கிறேன். அவளுடைய முதல் பல்லு குத்திய இடமும் என் விரலுக்குத் தெரியும். எல்லாம் உனக்குச் சேரவேண்டியவை, மச்சான். என் கையில் கிடக்கின்றன. நான் யாரிடம் கொடுக்க?