பூச்சிப்பெட்டியில் உன் பெயர்

அன்பு ரோசி,

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம்தான். ஆனாலும் பூச்சியியல் படித்ததற்குப் பூச்சி பார்க்கிற வேலை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் போட்ட நாட்களில் இதை நம்பியிருப்போமா?

நீ மஞ்சள்காமாலையில் போன பிறகு நான் தனியாகத் தேடினேன். பூச்சிமருந்து கம்பெனியில் முதல் கேள்வியே "பைக் ஓட்டுவியாம்மா?" என்பதுதான். கரையான் மருந்து அடிக்கிற கம்பெனி புதுச்சேரியிலிருந்து கூப்பிட்டது. போன் எடுத்துப் பேசுகிற வேலையாம். "எம்எஸ்ஸி படிச்சிட்டு கொசு மருந்து அடிக்கவா போற?" என்று தெருவில் கேட்டவர்களிடம், அதிலும் இடம் காலியில்லை என்றேன்.

அப்புறம்தான் இந்த ஆய்வு நிலையம். மரக்காணம் உப்பளங்களில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று பார்க்கும் திட்டம். நேர்காணலுக்குச் சொந்தமாகச் சேகரித்த பூச்சிப்பெட்டியோடு வரச் சொன்னார்கள். என் பெட்டியைத் திறந்தால் ஊசிகள் மட்டும் நின்றன. அந்துருண்டை மாற்ற மறந்திருந்தேன். எறும்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டியிருப்பாய்.

உன் பெட்டியும் என்னிடம்தான் இருந்தது. அடக்கம் முடிந்த வாரம் உன் அம்மா கொடுத்தார். "எங்களுக்கு இது வெறும் பூச்சி. நீ வச்சிக்கோம்மா. அவ கையால பேர் எழுதி வச்சிருக்குறா." ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே ஊசியில் ஒரு சின்னச் சீட்டு: இடம், தேதி, பிடித்தவர் பெயர்.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாற்பது சீட்டுகளையும் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதி மாட்டினேன். இடமும் தேதியும் அப்படியே. பெயர் மட்டும் என்னுடையது. கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், நடுங்கவில்லை. எழுத்து சுத்தமாகவே வந்தது.

திட்டத் தலைவர் உன் புலிவண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில்ல இது ஒரு இடத்துல நிக்காதே, எப்படிம்மா புடிச்ச?" பாத்தி வரப்பில் நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஓடியதையும், வழுக்கி உப்புத்தண்ணீரில் விழுந்ததையும், விழுந்தும் வலையை விடாததையும் நான் செய்ததாகச் சொன்னேன். அவர் சிரித்தார். வேலை எனக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நேற்று ஆர்டரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ பொட்டியத்தான் எடுத்துட்டுப் போனியா?"

"ஆமாம்மா."

"பெரியவங்கல்லாம் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா."

"அவ பேர படிச்சாங்களா?"

"படிச்சாங்க" என்றேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது ரோசி. வேலை கிடைத்த சந்தோஷம் அதோடு போய்விட்டது.

நீ எழுதிய சீட்டுகளை நான் கிழிக்கவில்லை. இன்று காலை எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெட்டியைத் திட்டத் தலைவர் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொல்வேன். வேலை இல்லை என்று சொன்னால் சொல்லட்டும். உன் பெயரை அவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் அங்கிருந்து எழுந்திருப்பேன்.

மூன்று மாதம் மூத்தவள் என்று நீ ‘அக்கா’ என்றே கூப்பிட்ட உன் தோழி,
கலைவாணி