தலையில் வைக்காத பூ

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து மண் மாற்றும் வேலை. ஆப்பிரிக்கன் வயலட் செடிகள் எல்லாவற்றையும் வடக்கு ஜன்னலிலிருந்து இறக்கி, பழைய செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தேன். தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஏப்ரலில் நான் வேலை பார்க்கும் பட்டறை ஆபீஸில் ஏசி ரிப்பேர். ஏசியில் சொட்டும் தண்ணீர்தான் என் செடிகளுக்கு. அது இல்லாத நாட்களில் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். நாமக்கல் தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிட்டது.

இந்தச் செடிக்குக் கீழ் இலை உதிர உதிர, அடித்தண்டு மொட்டையாக நீண்டுகொண்டே போகும். நான் அதைக் கழுத்து என்பேன். வேர்க்கட்டியின் அடிப்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, கழுத்தை லேசாகச் சுரண்டி, அது முழுக்கப் புதையும்படி அதே அளவுத் தொட்டியில் புது மண் போட்டு நட வேண்டும். பாவம் பார்த்துப் பெரிய தொட்டி கொடுத்தால் அழுகிவிடும்.

கை நிறைய மண்ணோடு இருந்தபோது மச்சாண்டார் வந்தார். என் வீட்டுக்காரர் ராசுவின் அண்ணன், அருணகிரி. தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாக விரதம். தம்பி போய் எட்டு வருஷம் ஆகியும் விரதம் முடியவில்லை. அபிநயாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான் எதிரிலேயே நிற்க, "உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி, தைலயே கல்யாணம், மண்டபம் பேசியாச்சு" என்றார். நானும் அவளிடமே, "சரின்னு சொல்லு" என்றேன். நடுவில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

போகும்போது கவிழ்த்த செடிகளைப் பார்த்தார். "தலையில வெக்க முடியாது, சாமிக்கும் ஆவாது. இதெல்லாம் ஒரு பூவா?"

ஏற்காட்டில் இதை வாங்கியபோது நர்சரிக்காரன், "கீழ கொண்டுபோனா ஒரு மாசந் தாங்காதுங்க" என்றான். ராசு போன வருஷம் அது. என்னிடமிருந்து மல்லிகையைப் பிடுங்கிவிட்டார்களே, தலையில் வைக்காத பூ ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். எட்டு சித்திரை வெயிலைத் தாண்டிவிட்டது. நானும்தான்.

ஜூன் 11

முடிவு செய்துவிட்டேன். அபி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு வயலட். நான் வளர்த்து, நானே கொடுப்பேன்.

ஜூன் 16

மண் மாற்றியபோது எடுத்த இலைகளோடு இன்னும் நிறையக் கிள்ளி, காம்பைச் சாய்வாக வெட்டி, டீ கப்புகளில் நட்டேன். ஒவ்வொரு காம்படியிலும் நாலைந்து குட்டி வரும். தைக்குள் பூக்க வைக்க முடியுமா? முடிய வேண்டும்.

நாத்தனார் அங்கம்மாள் எருமப்பட்டியிலிருந்து போன் செய்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னேன். "கயலு, வளர்த்து வெச்சுரு. கையில எடுத்துக் குடுக்கறதை வேற யாராச்சும் பண்ணட்டும் சாமி. ஊரு வாயி இருக்குதே" என்றார்.

ஊர் வாய்க்கு நான் ஏன் கையைக் கட்ட வேண்டும்?

ஜூலை 3

டவுன் பஸ்ஸில் புது கண்டக்டர் என் ஐந்து லிட்டர் கேனைப் பார்த்து, "ஆசிட்டுங்களாக்கா?" என்றான். "ஏசித் தண்ணி, செடிக்கு" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 18

வந்துவிட்டன! ஒவ்வொரு காம்படியிலும் எலிக்காது அளவில் இலைகள். அபியைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்து காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. பெரியப்பா போனில் பேசியிருக்கிறார். "தாம்பூலப் பையில தேங்கா போட்டாப் போதும். நல்ல காரியத்துல உங்கம்மா முன்னால நிக்கறது செரியா வராது. சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க?"

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலம்மா. அவரு இல்லாம யாரும்மா முன்ன நின்னு நடத்துவாங்க?"

அவளுக்குப் பயம். எனக்குப் புரிகிறது. ஆனால் வலித்தது. மேடைக்கு நான் வரக் கூடாது என்பது ஏற்கெனவே பேசாமலே முடிவானது. சீர்ச் சடங்கு நடத்த அருமைக்காரர் இருக்கிறார், கூட நிற்கச் சுமங்கலிச் சீர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் சண்டை போடவில்லை. வாசலில் நின்று ஒரு தொட்டி கொடுக்கிறேன் என்கிறேன். பெற்றவளுக்கு வாசல்கூடக் கிடையாதா?

"வாசல் என்னுது. உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு" என்றேன். சொல்லியிருக்க மாட்டாள்.

செப்டம்பர் 15

குட்டிகளைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வைத்தேன். முதுகு விட்டுப்போச்சு.

கலவையை எழுதி வைக்கிறேன், அபி பின்னால் தேடுவாள். தென்னை நார்த்தூளை மூன்று நாலு தண்ணீரில் அலசி உப்பு இறக்க வேண்டும். மக்கிய இலை கொஞ்சம், நுணுக்கிய அடுப்புக்கரி கொஞ்சம். காற்றோட்டத்துக்குத் தெர்மாகோல் உதிரி — பட்டறைக்கு உதிரி பாகம் வருகிற பெட்டியில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. செம்மண் ஒரு பிடிகூடக் கூடாது. தார்ப்பாய் கட்டும் நைலான் கயிற்றில் ஒரு புரி பிரித்து அடியில் திரியாக விட்டால், கீழே கிண்ணத்திலிருந்து செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். மேலே தண்ணீர் ஊற்றவே கூடாது.

வடக்கு ஜன்னல் பத்தாமல் ராசுவின் கட்டிலைக் கழற்றிவிட்டுப் பலகை அடுக்கினேன். அறை முழுக்கச் செடி. இவ்வளவு நாள் அந்தக் கட்டில் எதற்காக அங்கே கிடந்தது?

அக்டோபர் 20

ஐயோ.

நேற்றும் இன்றும் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம். வீட்டுக்குக் காவல் நங்கையா. திரும்பி வந்து அறையைத் திறந்தால் — நாற்றம். கோழி எரு. எல்லாத் தொட்டியிலும். ஒன்று விடாமல் ஒரு பிடி போட்டு, மேலே போர் தண்ணீரை ஊற்றி, இலை நடுவில் குளம் கட்டி நிற்கிறது. பாதிச் செடி தலை சாய்ந்துவிட்டது.

இந்த ஊரில் எதற்கும் கோழி எருதான் மருந்து. தென்னைக்கு, வாழைக்கு, கரும்புக்கு. நங்கையா வீட்டுக்கோ சொந்தக் கோழிப் பண்ணை. அதுவும் மக்காத எரு, கை வைத்தால் சுடுகிறது. நூல் மாதிரி வேர் என்ன ஆகும்?

கத்திவிட்டேன். "உங்கண்ணன் சொல்லிக் குடுத்தாரா? நேரா வந்து தூக்கிப் போட்டு மிதிச்சிருக்கலாமே!"

நங்கையா அழுதுவிட்டார். "என்ற அப்பன் மேல சத்தியமா இல்ல சாமி. பூவே காணோமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. தைக்குள்ள பூக்கலைன்னா எல்லாரும் உன்னையப் பாத்துச் சிரிப்பாங்களே, அதான்... பண்ணையில இருந்து நல்ல எருவா பாத்து நானே சாக்குல தூக்கிட்டு வந்தேன்."

அறுபது வயதில் பஸ் ஏறி, எருச் சாக்கைத் தூக்கிக்கொண்டு. எனக்காக.

சத்தம் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. அழுதுகொண்டே தண்ணீரை இலைகளிலிருந்து துணியால் ஒற்றினேன். அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்டோபர் 21

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். நானும் நங்கையாவும் ஒவ்வொரு செடியாகக் கவிழ்த்து, எருவை உதறி, வேரை ஏசித் தண்ணீரில் அலசினோம். கறுத்த வேரையெல்லாம் வெட்டினேன். சிலவற்றில் வேரே மிஞ்சவில்லை. அவற்றுக்குக் கீழ் இலைகளையும் கிள்ளி, நடுக்குருத்தும் கழுத்தும் மட்டும் வைத்துப் புது மண்ணில் புதைத்து, பாலிதீன் பைக்குள் மூடி வைத்தேன். பிழைத்தால் பிழைக்கட்டும்.

நங்கையா தெர்மாகோலை உதிர்த்துக் கொடுத்தார். "இது மண்ணா, ஐஸ் பொட்டியா?" என்றார். முடியெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. நேற்று அழுதவர் இன்று கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீயே குடு கயலு. மொதல்ல நான் வாங்கிக்கறேன்."

நவம்பர் 24

இருபத்தி மூன்று செடி போய்விட்டது. மற்றவை நிமிர்ந்துவிட்டன. போனதை நினைத்து உட்கார நேரமில்லை.

ஜனவரி 26

மொட்டு! பாதிக்குமேல் மொட்டுதான், விரிந்தது கொஞ்சம்தான். எரு வைத்த சூடு இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. பூக்காததையும் கொடுப்பேன். அவரவர் வீட்டில் பூக்கட்டும்.

அபி வந்து அறை வாசலில் நின்றாள். "பெரியப்பாகிட்டச் சொல்லிட்டேன்மா. அம்மா வாசல்ல நிக்கும், இல்லைன்னா நான் மேடைல உக்காரறப்ப எம் மொகத்துல சிரிப்பு இருக்காதுன்னு." 

"என்ன சொன்னாரு?"

"போனை வெச்சுட்டாரு."

அவளைக் கட்டிக்கொண்டேன். கையில் இருந்த மண் அவள் முதுகு முழுக்க.

பிப்ரவரி 10

நேற்று கல்யாணம் முடிந்தது. கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

கத்தரிப்பூ நிறப் புடவை கட்டிக்கொண்டேன். தாலி ஏறியபோது சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரம் நின்று பார்த்தேன். அட்சதை என் கைக்கு வரவில்லை. சரி. கண்ணால் பார்த்ததை யாரும் பிடுங்க முடியாது.

முகூர்த்தம் முடிந்து ஆட்கள் கிளம்பும்போது வாசலில் மேஜை போட்டு நின்றேன். முதலில் வந்தவர்கள் சம்பந்தி வழி உறவுப் பெண்கள் இருவர். என் நெற்றியைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள், தேங்காய்ப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் தொட்டியைக் கீழே வைக்கவில்லை. நீட்டினது நீட்டினபடியே நின்றேன்.

நங்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுத்து நிறைய நகை, தலை நிறைய மல்லிகை. முந்தானையை விரித்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் மண்டபத்துக்கே கேட்கிற குரலில், "எரு கிரு போட்டுறாதீங்க, செத்துப்போயிரும்! மேல தண்ணி ஊத்தாதீங்க! திரிய எடுத்துறாதீங்க!" என்றார். அதற்குமேல் நான் கொடுக்கவில்லை, வந்தவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா மொட்டு எது, பூ எது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்.

மச்சாண்டார் மட்டும் வாசல் பக்கமே வரவில்லை. பின்பக்கம் வண்டியை வரவழைத்துக் கிளம்பிவிட்டார். போகட்டும்.

எனக்கென்று ஒன்றை ஒதுக்கி மண்டபத்துச் சமையல்கட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். கருநீலம், ஓரத்தில் வெள்ளைச் சுருக்கு. ஏற்காட்டிலிருந்து வந்த முதல் செடியின் பிள்ளைகளில் அதே மாதிரி பூத்தது அது ஒன்றுதான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காணோம். அதையும் தூக்கிக்கொண்டு போன திருட்டுக் கை யாருடையதோ, விளங்காமல் போகட்டும்!

ஆகஸ்ட் 17

காலையில் போன். புது எண். எடுத்தால் பேச்சில்லை, இருமல்தான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மச்சாண்டாரின் இருமலைத் தெரியாதா?

"அபி ஊர்ல இல்லீங்க" என்றேன்.

"தெரியுமுங்" என்றார். பிறகு இன்னொரு முறை இருமிவிட்டு: "செடிக்கு அடி எலையெல்லாம் பழுத்து உழுந்துருச்சுங். தண்டு மொட்டையா நீண்டுக்கிச்சு. மண்ணு மாத்தோணுமுங்களா?"

"எந்தச் செடிங்க?"

"அந்தக் கருநீலமுங். ஓரத்துல வெள்ளையா இருக்குமே."

இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. "எரு ஏதாச்சும் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லீங். அங்கம்மா வேண்டாம்னு கத்துச்சே."

என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். கலவையை யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. "மண்ணு எங்கிட்ட இருக்குது. செடியத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க. முன்வாசல் வழியா வாங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு வருகிறாராம். நார்த்தூளை இப்போதே ஊறப் போட்டுவிட்டேன்.