வலது பக்கம் வெச்ச காப்பி

என்னங்க,

இன்னைக்கு நம்ம பெரியவ பட்டறைக்குப் போயிருந்தேன். புக்கிட் ரம்பாய்ல ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர் சொல்றபடி பலகை வெட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கா. உள்ளே காலை வெச்சதும் மரத்தூள் வாசனை குப்புனு அடிச்சுது பாருங்க, கஜா பெராங்ல நாம இருந்த வீட்டுப் பின்கட்டுல நிக்கிற மாதிரியே ஆயிடுச்சு எனக்கு. "உக்காரும்மா, ஒரே தூசி"ன்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. அந்த வாசனையில எனக்கா உக்கார மனசு வரும்?

பலகை மேல அச்சடிச்ச படம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பொங்கப் பானை, சுத்திக் கரும்பு, ஏதோ ஒரு கடை வாசல்ல நிறுத்துறதுக்காம். படத்தோட ஓரத்துல நாலு கறுப்புப் பொட்டு. மெஷின்ல தொங்குற சின்னக் கேமரா ஒவ்வொரு பொட்டா தேடிப் போய் உத்துப் பாத்துச்சு. படம் கொஞ்சம் கோணலா ஒட்டியிருந்தாலும் அந்தப் பொட்டை வெச்சு அதுவே சரிபண்ணிக்கிட்டு, ஓரம் பிசகாம வெட்டுமாம். "இதுக்கு எத்தனை கண்ணுடி?"ன்னு கேட்டேன். "ஒண்ணுதாம்மா. ஒண்ணு போதும்"னு சாதாரணமா சொல்லிட்டா. அதைக் கேட்டதாலதான் வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உக்காந்திருக்கேன்.

சுதந்திரம் வாங்கின வருஷம் ஞாபகம் இருக்கா? நமக்குக் கல்யாணமாகித் தலை தீபாவளிகூட இன்னும் வரலை. டுக்காங் எமாஸ் தெருப் பக்கம் விளம்பரப் பலகைக் கடை வெச்சிருந்த சீன முதலாளி, அதான் நம்ம தவுக்கே, சிங்கப்பூர்ல அச்சடிச்ச படங்களைச் சுருட்டி நம்ம வீட்டுக்கு அனுப்புவாரு. நான் மரவள்ளி மாவுல, பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, ஒட்டுப்பலகையில படத்தை ஒட்டுவேன். நீங்க கால்ல மிதிச்சு ஓட்டுற வாள்ல ஓரத்தோட ஓரமா வளைச்சு அறுத்தெடுப்பீங்க. சோப்பு விளம்பரத்துப் பொம்பளைக்குக் காதோரம் சுருண்ட முடியைக்கூட விட்டுவைக்க மாட்டீங்க. அவ்வளவு கர்வம் உங்க கைக்கு!

அந்த வருஷம்தான் ஊர்வல லோரிக்குப் படம் செய்யச் சொல்லி தவுக்கே கொடுத்தாரு. கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணு. லோரி போற சடக்குக்கு ரெண்டு ஓரத்திலும் ஜனம் நிக்குமே, அதனால ஒரே பலகையில முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். முன்பக்கத்துக் கோட்டுல வாள் போனா பின்பக்கத்துக் கோட்டுலயும் போகணும். அதுக்குன்னே தாளோட நாலு மூலையிலும் சின்னச் சிலுவைக் குறி அச்சடிச்சு வரும். முன்படத்தை ஒட்டினதும் நீங்க அந்தக் குறியில, கையால சுத்தித் துளைக்கிற துரப்பணத்தால ஓட்டை போடுவீங்க. பின்பக்கம் வந்து விழற ஓட்டையைப் பாத்து நான் அடுத்த படத்தை ஒட்டுவேன்.

முதல் பலகையை அறுத்து முடிச்சு நிமித்தி வெச்சீங்க. முன்னாடி பாத்தா லட்சணமா நிக்கிறா. திருப்பினா, ஐயோ, கொடி பிடிச்ச கையில விரலையே காணோம். மொட்டைக் கை! நீங்க என் மேல பாஞ்சீங்க. "பசையைத் தண்ணியாக் காய்ச்சியிருக்கே. தாள் ஊறி இழுத்துக்கிச்சு."

"என் பசையைச் சொன்னீங்க, நடக்கிறது வேற"ன்னு நானும் கத்தினேன். ஆனாலும் மனசு கேக்கலை, அடுத்ததுக்குக் கரண்டி நிக்கிற அளவுக்குக் கெட்டியாக் காய்ச்சினேன். அதுலயும் விரல் போச்சு. தவுக்கே வந்து பாத்துட்டு உச்சுக்கொட்டினாரு. இன்னொண்ணு இப்படி வந்தா வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவர் கொடுக்கிற வேலையை விட்டா நமக்கு வேற ஏது? மறுபடி ரப்பர் பால் வெட்டக் கித்தாத் தோட்டத்துக்குப் போறதான்னு நீங்க முணுமுணுத்தது எனக்குக் கேட்டுச்சு.

அன்னைக்குச் சாயந்திரம் நீங்க குளிக்கப் போனப்ப, கெட்டுப்போன பலகையை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். தாள் இழுக்கவே இல்லை. ஓட்டைதான் குறியில இல்லை. எல்லா ஓட்டையும் குறிக்கு ஒரே பக்கமா, எள்ளளவு தள்ளித் தள்ளி விழுந்திருந்துச்சு. இது கை தடுமாறுறது இல்லையேன்னு நினைச்சேன். அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. கதவு நிலையில வலது தோளை இடிச்சுக்குவீங்க. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா கழுத்தோட சேத்துத் திரும்புவீங்க.

மறுநாள் காலையில காப்பியைக் கொண்டாந்து உங்க வலது கைக்குப் பக்கத்துல வெச்சுட்டு ஓரமா நின்னு பாத்தேன். வாளைத் துடைச்சீங்க. எண்ணெய் விட்டீங்க. காப்பி ஆறி ஏடு கட்டிருச்சு. அப்புறம் "இன்னைக்கு எனக்குக் காப்பி கிடையாதா?"ன்னு கேட்டீங்க. "அங்கதான் இருக்கு"ன்னேன். தலையைத் திருப்பிப் பாத்தீங்க. உங்க முகம் அப்படியே செத்துப்போச்சு.

கல்யாணத்துக்கு முந்தியே வலது கண்ணுல மரச்சிராய் தெறிச்சுதாம். வெளிப்பார்வைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, உள்ளதான் நரம்பு போயிடுச்சுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாராம். வாள் பலகையைத் தொட்டுக்கிட்டே போறதால கோடு பிடிக்க ஒத்தக் கண்ணு போதும், மேலேருந்து இறங்குற துரப்பணம்தான் ஏமாத்துதுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னீங்க. "ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"ன்னேன். "செமாபோக்ல இருக்கிற உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரே"ன்னீங்க.

எனக்கு வந்துச்சே கோபம்! "கூட்டிட்டுப் போக நான் என்ன அடகு வெச்ச சங்கிலியா? அது இருக்கட்டும், அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப என்னைப் பாதிதான் பாத்தீங்களா?"

"பாதி பாத்ததுக்கே சரின்னுட்டேன்"னீங்க. சொல்லிட்டு அழுதீங்க. நானும்தான்.

அப்புறம் உக்காந்து யோசிச்சோம். ஒட்டுறதுக்கு முந்தியே தாளைக் கவுத்துப்போட்டு, குறி இருக்கிற இடத்துல பின்னாலேருந்து ஊசியால குத்தினேன். முன்பக்கம் கடுகு மாதிரி ஒரு மேடு எழும்புச்சு. நீங்க நகத்தால தடவி அதைக் கண்டுபிடிச்சுத் துரப்பணத்தை ஊணினீங்க. அது சாயாம இறங்கணுமே? நீங்க எதிர்ல நின்னு பாத்தீங்க, நான் உங்க வலது பக்கம் நின்னு பாத்தேன்.

"நேரா?"

"நேரா இருக்கு, சுத்துங்க."

நாலு ஓட்டையிலும் மெல்லிசு ஆணியைச் செருகினோம். பின்படத்துலயும் குறியில குத்தி, அந்த ஆணியிலயே மாட்டி ஒட்டினேன். அறுத்துத் திருப்பினா, கொடிக்கம்பைச் சுத்தி முழுசா அஞ்சு விரல்!

ஊர்வலத்தன்னைக்குப் பாடாங் திடல் ஓரத்துல அந்தக் கூட்டத்துல நின்னோம். லோரி வலது பக்கமிருந்து வந்துச்சு. உங்களுக்குத் தெரியலை. தோளைப் பிடிச்சுத் திருப்பிவிட்டேன். சுதந்திரம் வந்துருச்சுன்னு ஜனமெல்லாம் "மெர்டேக்கா!"ன்னு கத்துது, நீங்க என் காதுல "அந்தப் பக்கம் விரல் சரியா இருக்கா?"ன்னு கேக்கிறீங்க. லோரி வளைஞ்சு திரும்பற வரைக்கும் எட்டி எட்டிப் பாத்து, "அந்தப் பக்கமும் அஞ்சு"ன்னேன். அதுக்கப்புறம்தான் நீங்க கை தட்டினீங்க.

உங்க காலம் முடியிற வரைக்கும் நாம அதை யாருக்கும் சொல்லலை. அண்ணனுக்கும் தெரியாது, தவுக்கேவுக்கும் தெரியாது. சந்தையா, கோயிலா, கல்யாண வீடா, நான் வலது பக்கமே வந்தேன். "எப்பப் பாரு புருஷனை ஒட்டிக்கிட்டே நிக்கிறா"ன்னு அக்கம்பக்கத்துல கேலி பண்ணாங்க. பண்ணிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியிலகூட நர்ஸ் நாற்காலியை இடது பக்கம் போட்டா, நான் வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டேன்.

இன்னைக்குப் பட்டறையில நம்ம பொண்ணு காப்பி ஊத்திக் கொடுத்தா. வாங்கி என் இடது பக்கம் வெச்சேன். அதைப் பாத்து மெல்லச் சிரிச்சா. "அப்பாவுக்கு வெக்கிற மாதிரியே நீ வெக்கிறேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்னடி சொல்றே?"

"அப்பாவுக்கு அந்தக் கண்ணு தெரியாதுன்னு எங்களுக்குச் சின்னதிலேயே தெரியும்மா. தம்பிதான் கண்டுபிடிச்சான். அப்பாகிட்ட எதைக் கொடுத்தாலும் இடது பக்கமாவே கொடுக்கணும், அம்மாவுக்குத் தெரிய வேணாம்னு எங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தோம். நீ பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறே இல்ல?"

கேட்டீங்களா கதையை! நாம ரெண்டு பேரும் அதுங்ககிட்ட மறைச்சோம், அதுங்க நம்மகிட்ட மறைச்சிருக்குங்க. அந்த வீட்டுல யாருமே உங்க வலது பக்கம் காப்பி வெச்சதில்லைங்க, அன்னைக்கு ஒரு நாள் நான் வெச்சதைத் தவிர.

பொண்ணு மெஷினை ஓட விடப்போனா. நான் எழுந்து போய் அதோட வலது பக்கம் நின்னேன். "அதுவே பாத்துக்கும்மா, நீ உக்காரு"ன்னா. ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அது பொட்டு மேல இறங்குறதைக் குனிஞ்சு பாத்தேன்.

"நேரா இருக்கு"ன்னேன். "சுத்துங்க."